கட்டுமரமும் கடலுலாவும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சங்க இலக்கியத்தைப் பற்றியோ சமய நெறியைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாமோ இன்று ஓர் உல்லாசப் பயணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நம் குடியிருப்பைச் சேர்ந்த இருபத்து மூவர் கோவளத்துக் கடலில் ஒருநாள் உலா வந்த கதை அது. நீர்மேல் ஒரு பொழுதும் நீருள் ஒரு பொழுதும் கழித்தோம். ‘இதிலே பேச என்ன இருக்கிறது?’ என்று சிலர் எண்ணலாம். அந்த உலாவுக்கு முன்னதாக நடந்த ஒன்றும், உலாவின்போது அறிந்த சிலவும் நம் உள்ளத்தை விட்டு நீங்காமையால் பேசத் துணிந்தோம்.

கதை ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறது. 2024-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் உல்லாசப் பயண ஏற்பாட்டாளர் ஒருவர் நம் குடியிருப்புக்கு ஒரு விளம்பரத் தாளை அனுப்பினார். அதிலே ‘கேட்டமரான் சவாரி’ என்றும், ‘ஸ்நார்க்கெலிங்’ என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஐந்தாம் வகுப்பிலே படிக்கும் சிறுவன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, ‘கேட்டமரானுக்குத் தமிழில் என்ன பெயர்?’ என்று கேட்டான். பெரியவர்கள் சிலர் ‘இரட்டைப் படகு’ என்றார்கள். திண்ணையிலே அமர்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்த பாட்டி ஒருவர் மட்டும், ‘இது நம் கட்டுமரம் அல்லவா? ஊர் சுற்றி வந்ததிலே பெயர் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது’ என்றார்.

பாட்டியின் வாக்கு முற்றும் உண்மை. ஆங்கிலக் கடலோடியாகிய வில்லியம் டாம்பியர், 1697-இல் வெளியிட்ட தம் பயண நூலிலே, சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைக் குறிப்பிட்டு, அதன் தமிழ்ப் பெயரையும் எழுதி வைத்தார். அச்சொல் அங்கிருந்து கப்பலேறிப் பல கடல்களைக் கடந்தது. 1804-இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்ப்பதற்காக ஆங்கிலேயர் பூலோன் துறைமுகத்திலே மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்கும் இப்பெயரே வழங்கிற்று. 1876-இல் அமெரிக்கராகிய நதானியல் ஹெரஷாஃப் என்பார், ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடற் பாய்ப்படகைக் கட்டி, நியூயார்க்கில் நடந்த பந்தயத்திலே ஒற்றை உடற் படகுகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். அதன்பின் இரட்டைப் படகுக்கே இப்பெயர் நிலைத்தது.

ஈண்டு ஒன்றை நேர்மையோடு சொல்ல வேண்டும். உலகம் இன்று ‘கேட்டமரான்’ என்று அழைக்கும் படகு நம் கட்டுமரம் அன்று. இரண்டு ஒடுங்கிய உடல்களை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே பலகையால் இணைப்பது பசிபிக் தீவுகளில் வாழும் பாலினேசிய மக்களின் கைவண்ணம். இங்கிலாந்திலும் வில்லியம் பெட்டி என்னும் அறிஞர் 1660-களிலேயே இரட்டை உடற் கப்பலைச் செய்து பார்த்தார். ஆகவே, பெயர் நம்முடையது, வடிவம் பிறருடையது. மேடைதோறும் ‘கேட்டமரானைக் கண்டவன் தமிழன்’ என்று முழங்கிக் கைதட்டல் பெறுவது எளிது. பிறர் பொருளை நம்முடையதென்று சொல்வதால் நமக்கு ஒரு பெருமையும் இல்லை. நம்முடையதாகிய கட்டுமரத்தை நாம் அறியாமல் இருக்கிறோமே, அதுவன்றோ வருந்தத்தக்கது?

கட்டுமரம் என்பது யாது? மூன்று முதல் ஐந்து வரையிலான மரத்துண்டுகளைச் செதுக்கி, அருகருகே அடுக்கி, கயிற்றாற் பிணித்தது. மரத்தைக் கட்டியது ஆதலால் கட்டுமரம். கடற்கரை மக்கள் ‘மரம்’ என்றே சுருங்கச் சொல்வர். படகுக்கு உட்குழிவு உண்டு; அலைநீர் அதனுள் நிரம்பினால் அமிழும். கட்டுமரத்துக்கு உட்குழிவு இல்லை. நீரைவிட எடை குறைந்த மரமே அதைத் தாங்குகிறது. மேலே மோதிய அலை துண்டுகளின் இடுக்கு வழியே வடிந்து போகும். கவிழ்ந்தாலும் அமிழாது, மீண்டும் புரட்டி ஏறிக்கொள்ளலாம்.

நம் திருவனந்தபுரத்துக் கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் வேறில்லை. இக்கரையின் பெரும்பகுதி நேர்கோடாக நீண்ட மணற்கரை. பொழியூர் முதல் அஞ்சுதெங்கு வரையிலும் படகு ஒதுங்குவதற்கு ஏற்ற இயற்கைக் குடாக்கள் மிகக் குறைவு. விழிஞ்ஞத்திலே மீன்பிடித் துறைமுகப் பணி தொடங்கியதே 1960-களில்தான். மற்ற ஊர்களிலெல்லாம் நுரைத்துக் குமுறும் கரையலையை ஊடுருவித்தான் கடலுக்குச் செல்ல வேண்டும். அதே அலையின் முதுகில் ஏறித்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். சென்னை மாகாணத்தின் மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் கட்டுமரத்துக்குத் தனி இடம் தந்தார். அறிஞர் ஒருவர் ஆராயத்தக்க பொருளாகக் கருதிய ஒன்றை, நகரத்தாராகிய நாம் ஏழையின் மிதவை என்று எண்ணிக் கடந்து போகிறோம்.

நிற்க. பயணக் கதைக்கு வருவோம்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கடலுலா செல்வதென்று நம் குழுவினர் முடிவு செய்தோம். ஏற்பாட்டாளருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. குழந்தைகள் நாட்களை எண்ணிக் கொண்டிருந்தனர். புளியோதரைக்குப் புளி கரைப்பது யார், தயிர்ச்சோறு கொண்டு வருவது யார் என்பதுவரை பேசி முடித்தாயிற்று. சனிக்கிழமை மாலை, படகைப் பார்த்து வருமாறு நம்மில் இருவர் கடற்கரைக்குச் சென்றனர்.

மணலிலே வலை பழுது பார்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர், ‘நாளைக்குக் கடலில் போகண்டா, சாரே’ என்றார். எழுபது வயதைக் கடந்தவர். மலையாளமும் தமிழும் கலந்த கரைப் பேச்சு. காரணம் கேட்டபோது, ‘காற்றில்லை, மழையில்லை, ஆனாலும் அலையின் நடை நீண்டு வருகிறது. கள்ளக்கடல் வரும் கோள்’ என்றார். பின்னர், ‘எத்தனை பேர்?’ என்று வினவினார். ‘இருபத்து மூவர், ஒரே படகு’ என்றதும் அவர் முகம் மாறியது. ‘அந்தப் படகில் பத்துப் பேருக்கு மேல் ஏறலாகாது’ என்று கூறிவிட்டு மீண்டும் வலையிலே கை வைத்தார்.

அன்றிரவு நம் குழுவிலே பெரிய வாக்குவாதம். வானம் தெளிவாக இருந்தது. ‘ஒரு கிழவர் சொல்லுக்காகக் குழந்தைகளை ஏமாற்றுவதா?’ என்றார் ஒருவர். ‘முன்பணம் திரும்பி வராது என்கிறார்களே’ என்றார் மற்றொருவர். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தார், கேரளக் கரைக்கும் தென் தமிழகக் கரைக்கும் அந்நாட்களில் எச்சரிக்கை விடுத்திருந்தார்கள். செய்தித்தாளிலே அதுவும் வந்திருந்தது. நாமும் அதைப் படித்திருந்தோம். ஆனால், அது மீனவர்க்குச் சொன்னது, நமக்குச் சொன்னதன்று என்று எண்ணி அடுத்த பக்கத்தைப் புரட்டினோம். உண்மையை ஒளிக்காமற் சொல்வதாயின், பெரும்பாலோர் போவதென்றே சொன்னார்கள். தாய்மார் இருவர் மட்டும், ‘எம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம்’ என்று உறுதியாக நின்றனர். அவர்களுக்காகவே பயணம் நின்றது. முன்பணமும் போயிற்று, முகமலர்ச்சியும் போயிற்று. ஞாயிறு முழுவதும் அத்தாய்மாரிடம் யாரும் சரியாகப் பேசவில்லை.

மறுநாள், மே 6-ஆம் நாள், திங்கட்கிழமை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையிலே, அலை இழுத்துச் சென்று, மருத்துவக் கல்லூரி மாணவர் ஐவர் உயிரிழந்தனர் என்னும் செய்தி வந்தது. படித்துப் பட்டம் பெற்றுப் பிறர் உயிரைக் காக்க வேண்டிய இளங்குருத்துகள்! அவர்கள் நடுக்கடலுக்குச் செல்லவில்லை, கரையோரத்திலேதான் இருந்தார்கள். அச்செய்தியைப் படித்தபோது நம் குடியிருப்பில் யாரும் முன்பணத்தைப் பற்றிப் பேசவில்லை. வாதாடியவர்கள் ஒருவர் பின் ஒருவராக அந்தத் தாய்மார் இருவரின் வீட்டு வாயிலுக்குச் சென்றனர். என்ன பேசினார்கள் என்பது அவரவர் உள்ளத்தோடு இருக்கட்டும்.

கள்ளக்கடல் என்பது யாது என்று அதன் பின்னரே தேடிப் படித்தோம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலே, நமக்குப் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பெரும் புயற்காற்று வீசும்போது எழும் நெடிய அலைகள் வடக்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவை நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையை எட்டும்போது, இங்கே காற்றும் இராது, மேகமும் இராது. அமைதியாகத் தோன்றும் கடல், வேளை பார்த்து வரும் கள்வனைப் போலக் கரைமேல் ஏறி, ஏறிய வேகத்திலேயே திரும்பவும் இழுத்துச் செல்லும். மழைக்காலத்துக்கு முந்திய சித்திரை, வைகாசித் திங்கள்களில் இது மிகுதி. கேரளக் கரையின் மீனவர் இட்ட ‘கள்ளக்கடல்’ என்னும் பெயரையே அறிவியலுக்குரிய சொல்லாக யுனெஸ்கோ நிறுவனம் 2012-இல் ஏற்றுக்கொண்டது.

அன்பர்களே, இந்த இரண்டு சொற்களையும் எண்ணிப் பாருங்கள். கட்டுமரம் என்னும் சொல் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உலகுக்குச் சென்றது. கள்ளக்கடல் என்னும் சொல் நம் காலத்திலே சென்றது. தமிழர்க்கும் மலையாளிகளுக்கும் அச்சொல் ஒருங்கே விளங்கும். இரண்டையும் ஆக்கியவர்கள் ஏட்டறிவாளர் அல்லர். கடலிலே நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்தவர்கள். முதற்சொல்லை உல்லாச விளம்பரத்திலே கண்டு மகிழ்ந்தோம். இரண்டாம் சொல்லை ஒரு முதியவர் முகத்துக்கு நேரே சொன்னபோது அதைக் கேட்க மறுத்தோம். நாம் இன்று சொல்ல வந்தது இவ்வளவே. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, சொல்லை ஆக்கியவரின் அறிவை விட்டுவிடுவோமாயின், அச்சொல் நமக்கும் அயற்சொல்லே ஆகும்.

தென்மேற்குப் பருவமழை கழிந்து, ஐப்பசியும் கார்த்திகையும் கடந்து, தை பிறந்தது. இம்முறை ஏற்பாட்டாளரை நாடவில்லை. அந்த முதியவரையே நாடி, ‘ஐயா, நாள் நீங்கள் குறியுங்கள்’ என்றோம். அவர் கடலைப் பார்த்தார். எச்சரிக்கை அறிவிப்பு உண்டா என்று தம் பேரனைக் கைப்பேசியிலும் பார்க்கச் சொன்னார். கண்ணறிவும் கருவியறிவும் ஒத்துப்போன பின்னரே நாள் சொன்னார். இரண்டு படகுகளிலே இருமுறை செல்வது என்றும், ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிவது என்றும், ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது என்றும் ஏற்பாடாயிற்று.

விடியற்காலை கோவளத்தை அடைந்தோம். கலங்கரை விளக்கத்தின் செவ்வரியும் வெள்ளைவரியும் இளவெயிலில் பளபளத்தன. 1972-இல் ஒளி பெற்ற விளக்கம் அது. கடல் குளம்போல் கிடந்தது. கரையிலிருந்து அதிகத் தொலைவு செல்லவில்லை. பாறைகள் நீருள் புதைந்து கிடக்கும் இடத்திலே படகுகளை நிறுத்தினர். அந்தப் பாறைத் திட்டை முதியவர் ‘பார்’ என்றார். தூத்துக்குடியிலே முத்துச்சிப்பி விளையும் கடலடித் தரையை முத்துக்குளிப்போர் ‘முத்துப்பார்’ என்பதை நாம் படித்திருக்கிறோம். மன்னார் வளைகுடாவின் சொல் கோவளத்துக் கடலிலும் வழங்கக் கேட்டபோது, நெடுநாள் பிரிந்த உறவினரை வழியிலே கண்டது போன்ற மகிழ்ச்சி எய்தினோம்.

மூச்சுக்குழலைப் பற்றிக் குழந்தைகளுக்காகச் சிறிது சொல்வோம். முகத்தை நீருள் வைத்து, வாயிலே கவ்விய குழலால் மேற்காற்றை உள்ளிழுத்து, மிதந்தபடியே கடலடியைக் காண்பதுதான் ‘ஸ்நார்க்கெலிங்’. குழலின் நீளம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டருக்கு மேல் இராது. ‘நீண்ட குழலாயின் ஆழத்துக்கே போகலாமே!’ என்று நம் சிறுவன் கேட்டான். போக இயலாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அழுத்தம் மார்பை அமுக்கும். மேற்காற்றை இழுத்து விரிவதற்கு நுரையீரலால் ஆகாது. மேலும், நீண்ட குழலிலே நாம் விட்ட மூச்சே வெளியேறாமல் தங்கி மீண்டும் உள்ளே வரும். அதனால் தீங்கு நேரும்.

முகமூடிக் கண்ணாடியின் பயனும் அறியத்தக்கது. காற்றிலே பார்ப்பதற்கென அமைந்த கண், நீரோடு நேரே தொட்டால் உருவங்களைத் தெளிவாகக் குவிக்க மாட்டாது. கண்ணுக்கும் நீருக்கும் இடையே சிறிது காற்றை நிறுத்தினால் தெளிவு பிறக்கும். ஆயினும், பொருள்கள் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும், அண்மையில் உள்ளனவாகவும் தோன்றும். ஆகவே, ‘ஒரு முழ மீனைக் கண்டேன்’ என்று யாரேனும் சொன்னால், முக்கால் முழம் என்று கொள்க!

தலையைத் தாழ்த்திய அந்த முதற்கணத்தை எப்படிச் சொல்வது? மேலே இரைச்சல், கீழே பேரமைதி. நம் மூச்சொலி மட்டும் காதிலே கேட்டது. பாறை முழுதும் சிப்பிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒட்டியிருந்தன. கன்னியாகுமரி முதல் கொல்லம் வரையிலான பாறைக் கரைகளிலே சிறந்து வளரும் பழுப்புச் சிப்பி அது. கருப்பும் மஞ்சளுமாக வரியிட்ட சிறு மீன்கள் நம் கைவிரலருகே வந்து, முகர்ந்து பார்ப்பன போல நின்று விலகின. முட்பந்து போன்ற உயிரொன்று பாறை இடுக்கில் அசையாது கிடந்தது. ஆழம் மிகுந்த இடத்திலே எல்லாம் நீலமாகவே தெரிந்தன. கதிரொளியின் நிறங்களுள் செந்நிறமே நீரில் முதலில் மறைந்து போகிறது என்பதை ஏட்டிலே படித்திருந்தோம். அன்று கண்ணாற் கண்டோம். ‘தொடாதே, மிதிக்காதே’ என்று முதியவரின் பேரன் சொல்லிக் கொண்டே வந்தான். பாறைமேல் சிக்கியிருந்த அறுந்த வலைத்துண்டையும், நெகிழிப் பைகளையும் கண்டபோது நம் உள்ளம் சுருங்கியது. நகரத்துக் கால்வாய் வழியே வந்த நம் வீட்டுப் பைகளும் அவற்றுள் இருக்கலாம் அல்லவா?

அப்போது இளைஞர் ஒருவர், குழலும் இன்றி, காற்றுப் பெட்டியும் இன்றி, ஒரு மூச்சை இழுத்து மூழ்கினார். மூன்று பாகம் ஆழம் இருக்கும். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம், ஏறத்தாழ 6 அடி. கையிலிருந்த இரும்பால் பாறையைச் சுரண்டிச் சிப்பிகளைப் பையிலே இட்டுக்கொண்டு மேலே வந்தார்; மூச்சு வாங்கினார்; மீண்டும் மூழ்கினார். விழிஞ்ஞத்திலும் கோவளத்திலும் சிப்பி எடுப்போரின் அன்றாடத் தொழில் அது. நாம் விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு, அவருக்கு வயிற்றுப்பாடு. மிதவைச் சட்டையின் மேல் சாய்ந்து கிடந்த நமக்குச் சிறிது நாணம் உண்டாயிற்று.

பிற்பகல், கடற்காற்று எழுவதற்கு முன், கட்டுமரத்திலே இருவர் இருவராக ஏறினோம். கோவளத்திலே கட்டுமரங்கள் இன்று அருகிவிட்டன. முதியவரின் உறவினர் ஒருவர் ஒன்றைப் பேணி வைத்திருக்கிறார். முழந்தாளிட்டு அமர வேண்டும். அலை கால்மேல் ஏறி இடுக்கில் வடிந்தது. ‘இதுவா கேட்டமரான்?’ என்று வியந்த சிறுவனை முதியவர் தம்மருகே இருத்திக்கொண்டு, கரையைச் சுட்டிக் காட்டினார். அருகிலுள்ள ஒரு தென்னையும் தொலைவிலுள்ள ஒரு குன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். மற்றொரு புறத்திலே கலங்கரை விளக்கமும் ஒரு பாறை முனையும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அந்த இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பார் இருக்கிறது. இதை அவர் ‘கணிச்சம்’ என்றார். கண்ணுக்குத் தெரியாத கடலடியைக் கரையின் அடையாளங்களால் குறித்து வைக்கும் கணக்கு அது. வடிவியலைப் பள்ளியிலே படித்து மறந்த நாம், பள்ளி மிதிக்காத ஒருவரிடம் அன்று அதைப் பாடம் கேட்டோம். மேற்கே எழும் கச்சான் காற்று, கிழக்கிலிருந்து வரும் கொண்டல், வடக்கின் வாடை என்று காற்றுகளின் பெயர்களையும் சிறுவன் ஒப்பித்துக் கொண்டே கரை சேர்ந்தான்.

தலை எண்ணினோம். இருபத்து மூவரும் இருந்தோம்.

அன்பர்களே, கரைக்கு வந்து புளியோதரையைப் பகிர்ந்து உண்டபோது முதியவர் சொன்னவற்றை இங்கே உரைக்காமல் விடுவது முறையன்று. கட்டுமரம் மறைந்ததற்காக அவர் கண்ணீர் வடிக்கவில்லை. 1980-களின் தொடக்கத்திலே, குமரி மாவட்டத்து முட்டத்தில், பெல்ஜிய நாட்டவராகிய பியேர் ஜில்லே என்பவரும் மீனவர்களும் சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினர். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அவற்றைக் கரைதோறும் பரப்பியது. இயந்திரமும் வந்தது. நல்ல மரமும் கிடைப்பது அரிதாயிற்று. ‘உழைப்பு குறைந்தது, நல்லதுதான்’ என்றார் முதியவர். ‘ஆனால், துடுப்புப் போட்டுப் போனவன் கடலைப் பார்த்துக்கொண்டே போனான். இப்போது பிள்ளைகள் கருவியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இரண்டையும் பார்க்க வேண்டும்’ என்பதே அவர் கவலை.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் வந்தது. எச்சரிக்கை எட்டுமுன்னே கடலுக்குள் சென்றிருந்த பலர் மீளவில்லை. பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் அழுகுரல் எழுந்தது. எல்லைக்கு அப்பால் குமரிக் கரையின் ஊர்களிலும் அதே அழுகுரல் எழுந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே மாநில எல்லை வந்தது. கடலின்மேல் அந்தக் கோட்டை யாரும் கண்டதில்லை. துயரமும் அதை அறியவில்லை. அப்புயல் வந்து ஓராண்டு நிறையுமுன், 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்திலே, இதே கரையின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு சென்று, பத்தனம்திட்டை, ஆலப்புழை மாவட்டங்களிலே வெள்ளத்திற் சிக்கியவர்களை மீட்டார்கள். ‘உன் மொழி என்ன? உன் ஊர் எது?’ என்று அவர்கள் கேட்கவில்லை. அந்நிய மண்ணிலே பிழைக்க வந்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே, நாம் இதை மறக்கலாகாது.

2025 மே 2-ஆம் நாள் விழிஞ்ஞத்தின் பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. மலை போன்ற கப்பல்கள் வருகின்றன. நம் பிள்ளைகளிற் பலர் அங்கே வேலைக்குச் செல்லக்கூடும். நல்லதே. அக்கப்பல்களின் அடியிலே, சிறு படகில் வலை வீசும் ஒருவர் இருக்கிறார் என்பதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

முடிவாக, கடலுலா செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு நாம் பட்டறிந்த சிலவற்றைச் சொல்வோம். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியிலே படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7-இல் தானூரிலே, அளவுக்கு மீறி ஆளேற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். ஆகவே, விடுமுறைக்கு ஏற்ற நாளைத் தேடாமல், கடலுக்கு ஏற்ற நாளைத் தேடுங்கள். எச்சரிக்கை வந்தால், அது நமக்கே வந்ததென்று கொள்ளுங்கள். படகு தாங்கும் அளவைக் கேட்டு அறியுங்கள். மிதவைச் சட்டை அணியாமல் ஒருவரும் ஏறலாகாது. நீரில் இறங்குவோர் இருவர் இருவராக இறங்குக. குழந்தைக்கு ஒரு பெரியவர் துணை நிற்க. கொடுத்த முன்பணத்தை நினைத்துக் கடலில் இறங்காதீர்கள். வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால், அவரைக் கோழை என்று எள்ளாதீர்கள்.

மற்றொரு வேண்டுகோள் நம் சங்கத்துக்கு. அடுத்த ஆண்டு விழாவிலே, இம்மேடையில், அந்த முதியவரைப் போன்ற கடலறிவாளர் ஒருவரை அமர்த்தி, அவருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் பேசக் கேட்போம். அவருடைய பேச்சிலே பாதி மலையாளமாக இருக்கலாம். இருந்தால் என்ன? பார், கச்சான், கொண்டல், வாடை, கட்டுமரம் என்று அவர் சொல்லும்போது, நம் பிள்ளைகளுக்கு அகராதி வேண்டியிராது.

நம் சிறுவன் பள்ளிக்கூடத்தில் விடுமுறையைப் பற்றிக் கட்டுரை எழுதினான். ‘கேட்டமரான்’ என்று எழுதி, அடித்துவிட்டு, ‘கட்டுமரம்’ என்று எழுதியிருந்தான். அதன் கீழே, கடற்கரையையும் தென்னையையும் குன்றையும் வரைந்து, இரண்டு கோடுகளை இழுத்து, அவை கூடும் இடத்திலே ஒரு புள்ளி வைத்து, ‘இங்கே பார் இருக்கிறது’ என்று குறித்திருந்தான். அந்தப் புள்ளி அழியாமல் இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம்.